டி.என்.ஏவ வெட்றது, ஒட்றது, திருத்துறது: எங்க ஊர்ல என்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

பெங்களூர்ல ஒரு லேப்ல பதினோரு வருஷம் டெக்னீஷியனா இருந்துட்டு இப்ப காவேரிப்பட்டணம் பக்கம் வீட்டோட வந்துட்டேன். சாயங்காலம் ப்ளஸ் டூ பசங்களுக்கு பயாலஜி, நடுநடுவுல தர்மபுரியில எம்.எஸ்சி படிக்கிற புள்ளைங்க புராஜெக்ட் சந்தேகத்தோட வருவாங்க, டீக்கடையில பெருசுங்க பேப்பர்ல ஜீன்னு ஒரு வார்த்தைய பாத்துட்டா "இந்தா, இவன்தான் அந்த வேலை பாத்தவன்"னு என்னைய புடிச்சிக்குவாங்க. அதே கேள்வி, அதே பதில், தொண்டை காஞ்சதுதான் மிச்சம். அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதி வெச்சிட்டேன். இனிமே கேக்குறவங்களுக்கு இத அனுப்பிடுவேன்.

சார், என்சைம்னா அது உயிரோட இருக்குமா? பாட்டில்ல அடைச்சா செத்துடாதா?

உயிர்லாம் இல்லப்பா. என்சைம்ன்றது பெரும்பாலும் புரோட்டீன், ஒரு குறிப்பிட்ட வேலைய மட்டும் வேகமா செஞ்சு முடிக்கிற மூலக்கூறு. பாலை உறை ஊத்தினா தயிராகுதே, அங்க உயிரோட இருக்கிறது பாக்டீரியா, அது உள்ள வேலை பாக்குறது என்சைம். அந்த என்சைம மட்டும் தனியா பிரிச்சு எடுத்து ட்யூப்ல வெச்சாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். சூடு ஏறினா மடிப்பு பிரிஞ்சு கெட்டுப்போகும், முட்டை வெந்த மாதிரி, அத திரும்ப பச்சை முட்டையாக்க முடியாது.

டி.என்.ஏவ ஒட்டுறதுனா சந்தூர் நர்சரியில மாங்கன்னு ஒட்டு கட்டுறாங்களே, அந்த மாதிரியா?

இந்த கேள்விய கேட்டது ஒரு நர்சரிக்காரர். பாதி சரி. ஒட்டு கட்டும்போது ரெண்டு குச்சியும் ஒரே சரிவுல சீவி பட்டையும் பட்டையும் பொருந்தற மாதிரி வெச்சாதான புடிக்கும், டி.என்.ஏலயும் ரெண்டு முனையும் பொருந்தினாதான் ஒட்டும், அதுவரைக்கும் ஒண்ணு.

ஆனா ஒட்டு மாவுல ரெண்டு மரத்தோட டி.என்.ஏ கலக்குறதே இல்ல. கீழ வேர் நாட்டு மா, மேல கிளை பெங்களூரா ரக மா, கடைசி வரைக்கும் ரெண்டும் அதது அததுவாவே இருக்கும், பக்கத்து பக்கத்து வீட்டுல குடியிருக்கிற மாதிரி. டி.என்.ஏன்றது ஏ, டி, ஜி, சினு நாலு எழுத்துல எழுதின, ரெண்டு இழை முறுக்கின நூல். நான் பேசுறது செல்லுக்குள்ள, ஒரே நூல்ல, ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவுல இருக்கிற பிணைப்ப வெட்டி வேற துண்ட அங்க சேக்குறது.

வெட்டுற என்சைம், ஒட்டுற என்சைம் ரெண்டையும் கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க. எனக்கு ஈக்கோ ஆர் ஒன்னு பேரு மட்டும்தான் தெரியும்

ஈக்கோ ஆர் ஒன் டி.என்.ஏ மேல ஜி-ஏ-ஏ-டி-டி-சி ன்ற ஆறு எழுத்த தேடும், கெடச்சா ஜிக்கும் ஏக்கும் நடுவுல வெட்டும். எதிர் இழையிலயும் அதே ஆறு எழுத்து தலைகீழா ஓடுறதால அங்கயும் அப்படியே வெட்டும், அதனால வெட்டு நேரா விழாம படிக்கட்டு மாதிரி விழும், நாலு எழுத்து வால் ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்கும். இததான் ஒட்டும் முனைனு புக்ல போட்டிருப்பாங்க. அதே என்சைமால வெட்டின எந்த துண்டுலயும், அது யானையோ எருக்கஞ்செடியோ, அதே வால்தான் இருக்கும், அதனால ரெண்டும் ஜோடி சேரும். பேரு வந்த கத பரிச்சைக்கு வேணும்னா: அது வர்ற பாக்டீரியா எஸ்கெரிச்சியா கோலை, அதுல எஸ்கெரிச்சியால இருந்து ஈ, கோலைல இருந்து கோ, அந்த பாக்டீரியாவோட ஆர்.ஒய்.13ன்ற ரகத்துல இருந்து ஆர், அதுல மொதல்ல கண்டுபிடிச்சதால ஒன்.

ஜோடி சேந்தது மட்டும் போதாது, அது சும்மா கை கோத்துக்கிட்டு நிக்கிற மாதிரி, கொஞ்சம் சூடு பட்டா விட்டுடும். லைகேஸ்ன்ற ஒட்டுற என்சைம்தான் முடிச்சு போடும். ஒரு துண்டோட முனையில பாஸ்பேட் இருக்கணும், இன்னொரு துண்டோட முனையில ஓ.எச் இருக்கணும், லைகேஸ் ஏ.டி.பின்ற எரிபொருள செலவழிச்சு ரெண்டையும் பிணைக்கும். 1967ல தான் இத கண்டுபிடிச்சாங்க, ஒரே வருஷத்துல நாலஞ்சு லேப் தனித்தனியா. வெட்டுற என்சைம்களுக்கு 1978ல ஆர்பர், நாதன்ஸ், ஸ்மித் மூணு பேருக்கு நோபல் குடுத்தாங்க. நம்மாளு ஹர் கோவிந்த் கொரானான்ற விஞ்ஞானியோட குழு 1970ல ஒரு முழு ஜீனையே லேப்ல சின்ன சின்ன துண்டா செஞ்சு லைகேஸ் வெச்சு கோத்து காட்டிச்சு. கோடிக்கணக்குல எடுத்த கொரோனா வைரஸ் டெஸ்ட்டுல இருந்து சக்கரை வியாதி ஊசி வரைக்கும் எல்லாத்துக்கும் அடியில இந்த காலத்து வேலைதான் கெடக்கு. 1982ல விற்பனைக்கு வந்த மனுஷ இன்சுலினும் இப்படி ஒட்டின டி.என்.ஏவ பாக்டீரியாவுக்குள்ள விட்டு எடுத்ததுதான்.

வெட்டுற என்சைம் பாக்டீரியாவோடதுதானே, அது தன் டி.என்.ஏவயே வெட்டிக்காதா?

நல்ல கேள்வி, கேட்டது பத்தாவது படிக்கிற பையன். பாக்டீரியா தன்னோட டி.என்.ஏல அந்த ஆறு எழுத்து வர்ற எடத்துல எல்லாம் மெத்தில்னு ஒரு சின்ன ஒட்டு வெச்சிருக்கும். ஆட்டுக்கு காதுல ஓட்டை போட்டு அடையாளம் வைக்கிற மாதிரி. அடையாளம் இருந்தா என்சைம் தொடாது. வெளிய இருந்து வைரஸ் டி.என்.ஏ உள்ள வந்தா அதுல அடையாளம் இருக்காது, துண்டு துண்டாக்கிடும். ஆக இது பாக்டீரியாவோட காவல் ஏற்பாடு, நாம அத கடன் வாங்கிக்கிட்டோம். கிரிஸ்பர்ன்ற ஜீன் வெட்டுற கருவியும் இதே கததான், கீழ வருது.

கொரோனா டெஸ்ட்ல மூக்குல குச்சி விட்டாங்களே, அதுலயும் என்சைமா?

ரெண்டு என்சைம். கொரோனா வைரஸ்ல இருக்கிறது டி.என்.ஏ மாதிரியே இன்னொரு நூலான ஆர்.என்.ஏ, அத டி.என்.ஏவா எழுதுறதுக்கு ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், 1970ல கண்டுபிடிச்சது. அப்புறம் அத கோடிக்கணக்குல நகல் எடுக்க டாக் பாலிமரேஸ், இது அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊத்துல வாழ்ற ஒரு பாக்டீரியாகிட்ட இருந்து வந்தது. மொத கேள்வியில சூடு பட்டா என்சைம் வெந்துடும்னு சொன்னேன்ல, இது வெந்நீர்லயே குடித்தனம் பண்ற ஜாதி, அதனாலதான் நகல் எடுக்கிற பி.சி.ஆர் மிஷின்ல 95 டிகிரிக்கு ஏத்தி எறக்கினாலும் தாங்குது.

லைகேஸ் போட்டு ஒட்டுற லைகேஷன் 16 டிகிரில ராத்திரி முழுக்கனு புக்ல இருக்கு, எங்க மேடம் ரூம் டெம்பரேச்சர்ல பத்து நிமிஷம் போதும்ன்றாங்க. யார் சொல்றது சரி?

ரெண்டும் சரிதான்மா. என்சைமுக்கு கொஞ்சம் சூடு இருந்தா வேகம், ஆனா நாலு எழுத்து வாலு ஜோடி சேந்து நிக்கிறதுக்கு குளிர்ச்சி வேணும். ரெண்டுக்கும் நடுவுல பேசி முடிச்ச டீல்தான் 16 டிகிரி. இப்ப வர்ற ரெடிமேட் கிட்ல பி.இ.ஜி மாதிரி கெட்டிப்படுத்துற சமாச்சாரம் கலந்திருக்கும், அதனால சாதா சூட்டுலயே சீக்கிரம் முடிஞ்சுடும். ஆனா நம்ம ஊர்ல ஏப்ரல் மாசம் ஃபேன் மட்டும் ஓடுற ரூம்ல "ரூம் டெம்பரேச்சர்"னா எத்தனைனு உங்களுக்கே தெரியும். புக்ல அவங்க சொல்றது 25.

அண்ணா மூணு வாரமா லைகேஷன் போடுறேன், ஒரு காலனி கூட வரல. அழுகையா வருது

அழாத, எல்லாரும் இங்க விழுந்து எந்திரிச்சவங்கதான். (காலனின்றது ஒட்டின டி.என்.ஏவ வாங்கிக்கிட்ட பாக்டீரியா ப்ளேட்ல புள்ளி புள்ளியா வளர்றது.) எனக்கு ஒரு தடவ அஞ்சு வாரம் போச்சு. கடைசியில பாத்தா என்சைம் நல்லாதான் இருந்திருக்கு, அது வேலை செய்யற கரைசல் இருக்கே, அந்த பஃபர்தான் செத்திருக்கு. அந்த லேப்ல எல்லாருக்கும் பொதுவா ஒரே ஒரு பஃபர் ட்யூப், எடுக்கிறவன் எடுத்து உருக்கி திரும்ப வைக்க, அடுத்தவன் எடுத்து உருக்க, ஒருத்தன் டேபிள் மேலயே விட்டுட்டு சாப்பிட போயிடுவான். லைகேஸ் பஃபர்லதான் ஏ.டி.பி இருக்கு, இப்படி உருக்கி உறைய வெச்சா அது செதஞ்சு போயிடும். ஏ.டி.பி இல்லாத லைகேஸ் டீசல் இல்லாத டிராக்டர். புது ட்யூப் வந்த அன்னிக்கே பத்து பத்து மைக்ரோலிட்டரா பிரிச்சு குட்டி ட்யூப்ல போட்டு வெச்சுடு, ஒரு தடவ எடுத்தத திரும்ப வைக்காத. வெள்ளையா துகள் மெதந்தா பயப்படாத, கைக்குள்ள வெச்சு கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி கலக்கு, கரைஞ்சுடும்.

அடுத்தது பாஸ்பேட். வெக்டர், அதான் துண்ட சுமக்கிற டி.என்.ஏ, தனக்குத்தானே ஒட்டிக்கக் கூடாதுனு பாஸ்படேஸ் போட்டு அதோட பாஸ்பேட்ட எடுத்துடுவீங்க, அது சரி. ஆனா ஒட்டப்போற துண்டு பி.சி.ஆர்ல செஞ்சு அப்படியே போட்டதா இருந்தா, நகல் ஆரம்பிக்க போடுற குட்டி டி.என்.ஏ துண்டான ப்ரைமர், கடையில வாங்கின சாதா ப்ரைமர் முனையிலயும் பாஸ்பேட் கெடையாது. ரெண்டு பக்கமும் இல்லனா லைகேஸ் எத புடிச்சு ஒட்டும்? துண்டயும் வெட்டுற என்சைம் போட்டு வெட்டினா பாஸ்பேட் தானா வந்துடும். அப்பவும் ஒரு குழி இருக்கு, ப்ரைமரோட நுனியிலயே வெட்டுற எடத்த வெச்சுட்டா என்சைமுக்கு உக்கார எடம் பத்தாது, வெட்டாது. வெளிப்பக்கம் அஞ்சாறு எழுத்து சும்மாவாச்சும் சேத்து ஆர்டர் பண்ணணும்.

இதெல்லாம் தேடுறதுக்கு முன்னாடி கன்ட்ரோல் போடு. வெட்டாத பிளாஸ்மிட், அதான் அந்த வெக்டர், ஒரு ப்ளேட், வெட்டினது லைகேஸ் இல்லாம ஒண்ணு, வெட்டினது லைகேஸோட ஆனா துண்டு இல்லாம ஒண்ணு. வெட்டாத பிளாஸ்மிட் ப்ளேட்லயே காலனி வரலனா லைகேஸ் மேல பழி போடாத, உன் காம்பிடென்ட் செல், அதான் டி.என்.ஏவ உள்ள வாங்குற பாக்டீரியா, அவுட்டு. மூணு வாரத்துல இந்த மூணு ப்ளேட்ட ஒரு தடவ கூட போடலனு நீ சொன்னப்ப எனக்கு வந்த கோவத்த இங்க எழுதல.

என்சைம் ஃப்ரீசர்ல கட்டியாகவே இல்ல, ஃப்ரீசர் கெட்டுப்போச்சா? கரண்ட் போனா என்ன பண்றது?

ஃப்ரீசர் நல்லாதான் இருக்கு. என்சைம் ட்யூப்ல பாதி கிளிசரால், அதனால மைனஸ் 20லயும் தேன் மாதிரி ஓடும், உறையக் கூடாதுனுதான் போட்டிருக்காங்க. இதுல இன்னொரு விஷயம், வெட்டுற என்சைம் நெறைய போட்டா சீக்கிரம் வெட்டும்னு பசங்க ஊத்துவாங்க, கூடவே கிளிசராலும் ஏறும், மொத்தத்துல நூத்துக்கு அஞ்சு பங்கு தாண்டிச்சுனா என்சைம் புத்தி கெட்டு கண்ட எடத்துல வெட்ட ஆரம்பிச்சுடும். கரண்டுக்கு வழி, ட்யூப்ப ஜெல் வெச்ச குளிர் டப்பாவுல போட்டு ஃப்ரீசருக்குள்ள வைக்கிறது, கதவ தொறக்காம இருந்தா சில மணி நேரம் தாங்கும். தானா ஐஸ் உருக்கிக்கிற ஃப்ரீசர் வேண்டாம், அது உருக்குறதுக்காக அப்பப்ப சூடேறி எறங்கும்.

நாங்க நாள் பூரா கல்குவாரியில வெயில்ல நிக்கிறோம், வெயில் டி.என்.ஏவ கெடுக்கும்ன்றாங்க, அப்ப நாங்கெல்லாம் என்ன ஆவோம்?

வெயில்ல இருக்கிற புற ஊதா கதிர் பட்டா பக்கத்து பக்கத்துல இருக்கிற ரெண்டு டி எழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், நூல்ல சிக்கு விழுந்த மாதிரி. உங்க தோல் செல்லுல அந்த சிக்க எடுக்கவே ஒரு கோஷ்டி இருக்கு. ஒருத்தன் கண்டுபிடிப்பான், ஒருத்தன் ரெண்டு பக்கமும் வெட்டி அந்த துண்டையே தூக்கி போடுவான், பாலிமரேஸ் எதிர் இழைய பாத்து புதுசா எழுதும், கடைசியில நம்ம லைகேஸ் வந்து முடிச்சு போடும். வெட்டி ஒட்டுற ரிப்பேர் எந்த வகையா இருந்தாலும் கடைசி ஆள் லைகேஸ்தான். மனுஷனுக்கு லைகேஸ் ஜீன் மூணு இருக்கு. வெயில்ல போகாம வீட்டுலயே படுத்திருந்தாலும் ஒவ்வொரு செல்லுலயும் தெனம் ஆயிரக்கணக்குல டி.என்.ஏ எழுத்து தானா கெட்டுக்கிட்டேதான் இருக்கும், ரிப்பேரும் நடந்துக்கிட்டே இருக்கும். இந்த ரிப்பேர் வேலைய வெளிச்சத்துக்கு கொண்டுவந்ததுக்கு 2015ல லிண்டால், மோட்ரிச், சன்ஜார்னு மூணு பேருக்கு கெமிஸ்ட்ரி நோபல்.

செடிக்கும் மீனுக்கும் போட்டோலயேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, வெளிச்சத்த வாங்கியே அந்த சிக்க ஒரே இழுப்புல பிரிச்சுடும், நமக்கு அது இல்ல. பிறவியிலயே இந்த வெட்டி எடுக்கிற ரிப்பேர் வேலை செய்யாத குழந்தைங்க இருக்காங்க, அவங்களுக்கு கொஞ்ச வெயிலே தோல் புத்துல கொண்டு விடும். நமக்கு ரிப்பேர் ஓடுது, ஆனா அளவுக்கு மேல சேந்தா தப்பு தங்கும். முழுக்கை சட்டை, தலையில துண்டு. குவாரியில வெயில விட கல்லு தூசிதான் எனக்கு பெரிய கவலை, அதுக்கு மாஸ்க் கேட்டு வாங்குங்க, அது வேற கேள்வி.

கிரிஸ்பர் கிரிஸ்பர்ன்றாங்களே, அதுல புதுசா என்ன? வெட்றதுதானே?

வெட்றதுதான், ஆனா எங்க வெட்டணும்னு நாம சொல்லலாம். ஈக்கோ ஆர் ஒன்னு தேடுறது ஆறு எழுத்து, சராசரியா 4,096 எழுத்துக்கு ஒரு தடவ அது வந்துடும், மனுஷன்கிட்ட இருக்கிறது 300 கோடி எழுத்துக்கு மேல, அதுல விட்டா கண்டந்துண்டமாக்கிடும். கிரிஸ்பர்ல கேஸ்9ன்ற என்சைமோட ஒரு வழிகாட்டி ஆர்.என்.ஏ போகும், அதுல 20 எழுத்த நாம எழுதி குடுக்கலாம். 20 எழுத்த எத்தனை விதமா எழுதலாம்னா ஒரு லட்சம் கோடிக்கு மேல, அதனால ஒரு எடத்த மட்டும் குறி வைக்க முடியுது. ஒரே கண்டிஷன், அந்த எடத்துக்கு பக்கத்துல ஏதோ ஒரு எழுத்து, அடுத்து ஜி ஜினு இருக்கணும், அது இல்லனா கேஸ்9 எறங்கவே எறங்காது. ஷார்பான்டியே, டவுட்னான்ற ரெண்டு விஞ்ஞானிங்க 2012ல இத ட்யூப்ல செஞ்சு காட்டினாங்க, 2020ல நோபல்.

அப்ப வெட்டினதுக்கு அப்புறம் யார் ஒட்டுறது? லைகேஸ் தனியா ஊசி போடணுமா?

வேண்டாம், இங்கதான் எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. கிரிஸ்பர் வெட்டிட்டு போயிடும், எடிட் பண்றது உண்மையில செல்லோட ரிப்பேர் கோஷ்டி, குவாரி கேள்வியில சொன்னேனே அவங்களோட பங்காளிங்க. நூல் ரெண்டா அறுந்தா செல்லுக்கு பதட்டம், கெடச்ச ரெண்டு முனையையும் இழுத்து வெச்சு லைகேஸ் 4 ஒட்டிடும், அவசரத்துல ரெண்டு எழுத்து விட்டுப்போகும் இல்ல கூட சேந்துடும். ஜீன கெடுக்கணும்னா நமக்கு இதுவே போதும்.

எழுத்த சரியா மாத்தி எழுதணும்னா மாதிரி துண்டு ஒண்ண கூடவே குடுக்கணும், செல் அத பாத்து காப்பி அடிக்கும். ஆனா இந்த காப்பி அடிக்கிற வேலை பெருகப்போற செல்லுல மட்டும்தான் ஒழுங்கா நடக்கும். மூளை நரம்பு மாதிரி பெருகாத செல்லுல நாம எவ்வளவு அழகா மாதிரி எழுதி குடுத்தாலும் பெரும்பாலும் திரும்பிக்கூட பாக்காது. எம்.எஸ்சி புள்ளைங்க புராஜெக்ட்ல "கிரிஸ்பர் மூலம் ஜீனை மாற்றினோம்"னு எழுதும்போதெல்லாம் நான் அடிச்சு "வெட்டினோம்"னு போடுவேன்.

தப்பான எடத்துல வெட்டிட்டா?

வெட்டும். 20 எழுத்துல ஒண்ணு ரெண்டு பொருந்தலனாலும், அதுவும் அந்த ஜி ஜிக்கு தூரத்துல இருக்கிற பக்கம்னா, கேஸ்9 கண்டுக்காம வெட்டிடும். அதனால வழிகாட்டி எழுதும்போதே ஒத்து வர்ற மத்த எடங்கள கம்ப்யூட்டர்ல தேடி பாக்கணும், அப்புறம் எடிட் செஞ்ச செல்லோட டி.என்.ஏவ படிச்சும் பாக்கணும். நூல அறுக்காமயே ஒரு எழுத்த மட்டும் வேதியியல்ல மாத்துற வழி 2016ல வந்தது, பேஸ் எடிட்டிங். ஒரு இழைய மட்டும் கீறி ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ வெச்சு அங்கயே புதுசா எழுதுறது 2019ல, பிரைம் எடிட்டிங். ரெண்டுமே டேவிட் லியுன்ற அமெரிக்க விஞ்ஞானியோட லேப்ல இருந்து வந்தது. ஆமா, பிரைம் எடிட்டிங்ல இருக்கிறது கொரோனா டெஸ்ட்ல பாத்த அதே வகை என்சைம்.

தம்பி, என் தம்பி குழந்தைக்கு தலசீமியானு சேலத்துல சொல்லிட்டாங்க. இந்த ஜீன் வைத்தியம் நமக்கு கெடைக்குமா?

அக்கா, வைத்தியம்னு ஒண்ணு வந்திருக்கிறது உண்மை. தலசீமியான்றது ரத்தத்துல ஆக்சிஜன் சுமக்குற புரதம் சரியா உருவாகாத பிறவி நோய். குழந்தைங்க அம்மா வயித்துல இருக்கும்போது ஓடுற அதே மாதிரி ரத்தப் புரதம் ஒண்ணு இருக்கு, பொறந்தப்புறம் உடம்பு அத அணைச்சுடும். நோயாளியோட ரத்த மூல செல்ல வெளிய எடுத்து, அந்த அணைக்கிற சுவிட்ச்ச கிரிஸ்பரால கெடுத்து திரும்ப உள்ள விடுறாங்க, பழைய புரதம் திரும்ப ஓட ஆரம்பிக்குது. கேஸ்ஜெவினு பேரு, 2023 நவம்பர்ல பிரிட்டன்ல மொதல்ல அனுமதி குடுத்தாங்க, ரத்த அணு அரிவாள் மாதிரி வளையிற சிக்கிள் செல் நோய்க்கும் தலசீமியாவுக்கும். அனுமதி 12 வயசுக்கு மேல இருக்கிறவங்களுக்குதான் மொதல்ல வந்தது. செல்ல திரும்ப விடுறதுக்கு முன்னாடி கடுமையான கீமோ உண்டு. அமெரிக்காவுல வெலை 22 லட்சம் டாலர், நம்ம காசுல 18 கோடிக்கு மேல. வேற மாதிரி சொல்லி உங்களுக்கு ஆசை காட்ட மனசு வரல.

இப்ப பண்ண வேண்டியது, ரத்தம் ஏத்துறது தவறக்கூடாது, கூடவே சேர்ற இரும்ப எறக்குற மாத்திரைய நிறுத்தக்கூடாது, அண்ணன் தங்கச்சி யாராவது இருந்தா எலும்பு மஜ்ஜை பொருந்துதானு டாக்டர்கிட்ட கேளுங்க. அடுத்த குழந்தைக்கு முன்னாடியும், சொந்தத்துல கல்யாணம் பேசுற மத்தவங்களும் எச்.பி.எல்.சினு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்து பாருங்க. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் அந்த ஜீன் ஒண்ணு இருந்தா ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. வெக்கப்பட இதுல ஒண்ணும் இல்ல.

கருவுலயே எடிட் பண்ணி செவப்பா, அறிவா புள்ள பெத்துக்கலாமா?

முடியாது. நெறமும் அறிவும் ஒரு ஜீன்ல இல்ல. 2018ல சீனாவுல ஹே ஜியான்குய்னு ஒருத்தர் எச்.ஐ.வி வராம இருக்கணும்னு கருவ எடிட் பண்ணி ரெட்டை குழந்தை பொறக்க வெச்சார், அடுத்த வருஷமே மூணு வருஷம் ஜெயில் தண்டனை. செவப்பா வேணும்னு கேட்ட அந்த அண்ணனுக்கு நான் குடுத்த பதில் இங்க எழுதற மாதிரி இல்ல.

ஜீன் எடிட் பண்ண நெல்லுன்றதும் பிடி பருத்தியும் ஒண்ணுதானே? பேரு மட்டும் மாத்தி ஏமாத்துறாங்களா?

அரூர் பக்கம் பருத்தி போடுற ஒருத்தர் கேட்டது. பிடி பருத்தியில மண்ணுல இருக்கிற ஒரு பாக்டீரியாவோட ஜீன் உள்ள இருக்கு, 2002ல அனுமதி வந்தது. 2025 மே மாசம் அறிவிச்ச ரெண்டு நெல்லுல வெளி ஜீன் இல்ல, அதோட சொந்த ஜீன்ல வெட்டி, செல்லு அவசரமா ஒட்டி, எழுத்து மாறினது, மேல சொன்ன அதே கத. ஒண்ணு கமலா, நாம ஆந்திரா பொன்னினு வாங்குற பி.பி.டி 5204ல செஞ்சது, ஹைதராபாத்ல. இன்னொண்ணு எம்.டி.யு 1010ல செஞ்சது, டெல்லியில. விளைச்சல் கூடும்னு மத்திய அரசோட விவசாய ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.ஏ.ஆர் சொல்லுது. வெளி ஜீன் தங்காத எடிட்டுக்கு பிடி பருத்திக்கு இருக்கிற கடுமையான விதியில இருந்து 2022 மார்ச்ல மத்திய அரசு விலக்கு குடுத்துச்சு. ஏமாத்தலனு சொல்லுவேன், ஆனா விதை யார் கையில இருக்கும், காப்புரிமை காசு யாருக்குனு நீங்க கேட்டது நியாயமான கேள்வி, அதுக்கு பதில் லேப்ல இல்ல. எங்க மாவுக்கு எப்ப வரும்னு கேக்குறவங்களுக்கு: மாஞ்செடிய ஒரு செல்லுல இருந்து வளத்து எடுக்கிறதே பெரிய பாடு, அப்புறம் காய்க்க வருஷக்கணக்குல காத்திருக்கணும், இப்போதைக்கு ஒட்டு கட்டுங்க.

இப்ப எல்லாரும் கிப்சன்தானே பண்றாங்க, வெட்டுற என்சைம், லைகேஸ் எல்லாம் பழசு இல்லயா?

டி.என்.ஏ துண்டுகள ஒட்டுற கிப்சன் முறை 2009ல வந்தது, 50 டிகிரில ஒரே ட்யூப்ல மூணு என்சைம். ஒண்ணு முனைய அரிச்சு நீளமான வாலாக்கும், பாலிமரேஸ் இடைவெளிய நெரப்பும், மூணாவது யாருனு பாரு, சூடு தாங்குற லைகேஸ். பழசுனு சொன்ன ஆளே உள்ள உக்காந்திருக்கு. எனக்கு சின்ன துண்டு ஒண்ணு ஒட்டணும்னா இன்னிக்கும் ஈக்கோ ஆர் ஒன்னும், ஹிண்ட் த்ரீன்ற இன்னொரு வெட்டுற என்சைமும்தான், செலவு கம்மி.

கமலா நெல்ல சாதா பி.பி.டியோட கலந்துட்டா மண்டியில கண்டுபிடிக்க முடியுமா?

இருக்கிறதுலயே கஷ்டமான கேள்விய கேட்டது ஒரு நெல் வியாபாரி. பிடி பருத்தின்னா சுலபம், வெளி ஜீன் இருக்கு, பி.சி.ஆர்ல தேடினா மாட்டிக்கும். இதுல செல்லே ஒட்டின ஒட்டு, இயற்கையில தானா நடக்குற எழுத்துப் பிழை மாதிரியேதான் இருக்கும், எழுதினது யாருனு டி.என்.ஏல கையெழுத்து இருக்காது. எந்த ஜீன்ல எந்த எழுத்து மாறியிருக்குனு முன்னாடியே தெரிஞ்சா அந்த எடத்த மட்டும் படிச்சு இது அந்த ரகம்தான்னு சொல்லலாம், தெரியலனா தேடவே முடியாது. மூட்டையில குத்தூசி விட்டு நாலு மணிய உள்ளங்கையில கொட்டி ஊதி பாத்து வெல சொல்லுவீங்களே, அந்த வித்தை இங்க எடுபடாதுண்ணா.